எங்கள் வீட்டில் செங்காந்தள்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டவுடன், போன வருஷத்து மலரை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். சி.என்.சி. மெஷின் பற்றி மூன்று கட்டுரை, சூரிய சக்தி பற்றி இரண்டு, காதல் கவிதைகளோ எண்ணி மாளவில்லை. பெயர் மட்டும் மலர். உள்ளே ஒரு பூவைப் பற்றிக்கூட ஒரு வரி கிடையாது! அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கலாம் என்று துணிந்துவிட்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பூவோடு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். கடைசிவரை படித்துப் பாருங்கள், இதிலும் நிறைய மெக்கானிக்கல் இருக்கிறது.

நமது மாநிலப் பூ எது என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். தாமரை என்றான் ஒருவன். மல்லிகை என்றான் இன்னொருவன். செங்காந்தள் என்று சரியாகச் சொன்னவர்களிலும் பாதிப் பேர் அதைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதையே "கார்த்திகைப் பூ" என்று சொன்னதும், "அட, எங்க ஊர் வேலியில கெடக்குமே!" என்று நாலு பேர் எழுந்தார்கள். அதே பூதான். கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதாலும், இதழ்கள் விளக்குச் சுடர் மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்பதாலும் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். கிழங்கு கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். தாவரவியலில் குளோரியோசா சூப்பர்பா. ஆப்பிரிக்காவிலும் இது காட்டுச் செடி. ஜிம்பாப்வே நாட்டுக்கு இதுதான் தேசிய மலர்.

நம்முடைய காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதல் பூ செங்காந்தள். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவதும் காந்தள் மாலைதான். அந்த முருகனுக்குக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றியது நம் ஊர்க் குமரக்கோட்டத்தில் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் குமரக்கோட்டத்து வாசலில் பூக்கடை பூக்கடையாகப் போய்ப் பாருங்கள். மல்லி இருக்கும், சாமந்தி இருக்கும், அரளி இருக்கும். காந்தள் இருக்காது. "அது வெஷம் தம்பி, அத்த எவன் கட்டுவான்?" என்று ஒரு பூக்கார அம்மா என்னைத் திட்டியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மா சொன்னது உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முதன்முதலில் இந்தப் பூவைப் பார்த்தது மதுராந்தகம் பக்கம் மாமா ஊரில், கிளுவை வேலியில். மழை விட்ட காலை நேரம். பச்சை வேலி மேலே நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. உடனே ஒரு கடப்பாரையை வாங்கி மாமா நிலத்து வேலியோரம் தோண்டிக் கிழங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நேரம். பின்கட்டில் கிணற்றடி ஈரத்தில் நட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் கூழாக அழுகிக் கிடந்தது.

செய்த தப்பு ஒன்றல்ல, மூன்று என்பது பிறகுதான் தெரிந்தது. பூத்துக்கொண்டிருந்த செடியைத் தோண்டியது முதல் தப்பு. தண்ணீர் தேங்கும் இடத்தில் நட்டது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிய தப்பு, கடப்பாரையால் முனையை உடைத்துவிட்டது. உருளைக்கிழங்கை எப்படி வெட்டி நட்டாலும் ஒரு கண் இருந்தால் முளைத்துவிடும். இது அப்படியில்லை. இந்தக் கிழங்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் கடைசி நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி போனால் அந்தக் கை வெறும் மாவுக்கட்டை. கிழங்கும் சாக்பீஸ் மாதிரி சட்டென்று முறியும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய்ச் செடி கொடி தோண்டுவது சட்டப்படி குற்றம். வேலியிலும் புதரிலும் இருப்பதைக்கூட விட்டுவிடுவதே நல்லது. மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது குறைந்துபோய்விட்டது. பயிராக வளர்க்கிறவர்களிடம் கிழங்கு கிடைக்கும்போது காட்டில் ஏன் கைவைக்க வேண்டும்? மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள். எனக்கு இரண்டாவது தடவை கிழங்கு கிடைத்ததும் அப்படித்தான். ஹாஸ்டலில் இருக்கும் தாராபுரம் நண்பன் ஒருவன் லீவுக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு கிழங்கை மணலில் புதைத்து, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். பால் குடிக்கும் குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவர மாட்டார்கள்.

இனி நடுகிற முறை. ஆனி, ஆடி மாதம் சரியான காலம். ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி வேண்டும். அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. எங்கள் பின்கட்டு மண் களிமண்ணாக இருந்ததால்தான் தொட்டிக்கு மாறினேன். கிழங்கைப் படுக்க வைத்து, நாலு விரல் ஆழத்தில், நுனி மேலே எதுவும் அழுத்தாமல் மண்ணை மூட வேண்டும். ஒரு தடவை தண்ணீர் விட்டால் போதும். பிறகு மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள கிழங்காக இருந்தால் முதல் வருஷமே பூக்கும். விதை போட்டு வளர்த்தால் பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் நமக்கு டிப்ளமோவே முடிந்துவிடும்.

மூன்று வாரத்தில் முளை வெளியே வந்தது. ஈட்டி முனை மாதிரி நேராக வரும். அது மேலே ஏறுகிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவரைக்கொடி தண்டையே கம்பில் சுற்றும். பாகற்கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி உண்டு. காந்தளுக்கு இரண்டும் இல்லை. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு, மெலிந்து, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்கிறது. இலை உணவும் செய்கிறது, கொக்கியாகவும் இருக்கிறது, ஒரே பார்ட்டில் இரண்டு வேலை! ஆனால் அந்தக் கொக்கி சின்னது. நான் முதலில் பருமனான மூங்கில் கழி நட்டேன், செடியால் பிடிக்க முடியாமல் சரிந்து விழுந்தது. அப்புறம் தறியில் கழித்துப் போட்ட நூல் கயிறுகளை மேலே உத்தரத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் நுனிகள் கயிற்றைச் சுற்றிக்கொண்டன. பயிர் செய்கிறவர்கள் காய்ந்த விராலிக் குச்சிகளையோ கம்பிப் பந்தலையோ கொடுக்கிறார்கள். எப்படியிருந்தாலும் மெலிசாக இருக்க வேண்டும்.

புரட்டாசி கடைசியில் மொட்டு வந்தது. மொட்டு தலை கவிழ்ந்து பச்சையாகத் தொங்கும். விரிந்ததும் ஆறு இதழும் பின்பக்கம் மடிந்து மேல்நோக்கி நிற்கும். ஓரம் முழுக்க நெளிநெளியாக, கொசுவம் வைத்த மாதிரி. முதலில் பச்சை கலந்த மஞ்சள். அடுத்த அடுத்த நாளில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி வரும். கடைசியில் முழுப் பூவும் குங்குமச் சிவப்பு. ஒரே கொடியில் ஒரே சமயத்தில் இந்த எல்லா நிறமும் இருக்கும். எங்கள் அப்பா முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர், எந்தப் பூவையும் நின்று பார்த்ததில்லை. அவர் தறியை விட்டு எழுந்து வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மஞ்சளும் செவப்பும் சேர்ற எடம் பாரு. கோர்வையில கோடு தெரியும். இதுல கோடே இல்லடா" என்றார். அதற்கு முன் என் படிப்பைப் பற்றியோ நான் செய்த எதைப் பற்றியோ அப்பா இத்தனை வார்த்தை பேசியதில்லை.

பூவின் நடுவில் இன்னொரு வேடிக்கை. சூல்தண்டு நேராக நிற்காமல், அடியிலேயே கிட்டத்தட்ட தொண்ணூறு டிகிரி மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், எல்-பெண்ட் பைப் மாதிரி. தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் காரியம் நடக்கும். வயலில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. அதனால் தினமும் காலையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் தடவுகிறார்கள். விதைக்காகத்தான் இவ்வளவு பாடும். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

என்ன மருந்து? இங்கேதான் பூக்கார அம்மா சொன்ன விஷயம் வருகிறது. செடி முழுக்க, அதிலும் கிழங்கிலும் விதையிலும் மிகுதியாக, கொல்கிசின் என்ற பொருள் இருக்கிறது. ஐரோப்பாவில் இதன் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் கவுட் என்ற மூட்டுநோய்க்கு இன்றும் இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதய நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த அளவில் இதை அனுமதித்தது. 1937இல் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இது உதவும் என்று கண்டுபிடித்தார்கள். விதையில்லாத் தர்பூசணி வந்தது அந்த வழியில்தான்.

வேலை செய்கிற விதத்தை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போக மெல்லிய இழைகள் உண்டாகும். பாடப் புத்தகத்தில் அவற்றுக்குக் கதிர் இழை என்று பெயர். எங்கள் வீட்டில் நூல் சுற்றுகிற கதிரும் அந்தச் சொல்தான். கொல்கிசின் அந்த இழையைக் கட்டவிடாமல் செய்துவிடுகிறது. இழை இல்லாவிட்டால் இழுக்க ஆளில்லை, செல் பிரியாமல் நின்றுவிடும். செடியில் இது நடந்தால் புது ரகம் கிடைக்கும். மனிதனுக்கு நடந்தால்? குடல், ரத்தம் எல்லாம் தினமும் புதுசு புதுசாகச் செல் உண்டாக்கித்தான் உயிரோடு இருக்கின்றன. முதலில் வாந்தி, பேதி. அதுவும் உடனே வராது, சில மணி நேரம் கழித்து வரும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. முறிக்க என்று தனி மருந்தும் கிடையாது. ஆகவே யாராவது தெரியாமல் வாயில் போட்டுவிட்டால், வாந்தி வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கையில் மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டேன். படித்தது வேறு, புத்தியில் ஏறுவது வேறு.

மார்கழி முடிவில் செடி மஞ்சளடித்துக் காய்ந்துவிட்டது. போகி அன்று தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் நட்ட இரண்டு கிழங்கும் வற்றி வெறும் தோலாகக் கிடந்தன. அவற்றுக்குப் பதில் நாலு புதுக் கிழங்கு! ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு தன்னைக் கொடுத்துவிட்டு இரண்டு கையிலும் இரண்டு புதுக் கிழங்கை உண்டாக்கிவிட்டுப் போகிறது. சந்தோஷத்தில் நாலையும் ஒரு முறத்தில் பரப்பிப் பின்கட்டு நிழலில் வைத்துவிட்டு, கரும்பு வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் முறத்தில் மூன்றுதான் இருந்தன.

பொங்கல் வீட்டில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, கருணை, எல்லாம் கூடை நிறைய. மறுநாள் குழம்புக்கு ஆயா சேப்பங்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. "அம்மா, முறத்துல ஒரு கெழங்கு காணோம்!" என்றேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே, "அதுவா, பூனை தள்ளி உட்டுடுச்சு போல, நடையில கெடந்துச்சு. கூடையில போட்டுட்டேன்" என்றது. சொன்ன அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கூடையைத் தரையில் கவிழ்த்தேன். சேப்பங்கிழங்குக்கு நடுவில், அதே மண் நிறத்தில், அது கிடந்தது. இரண்டு கையும் முழுசாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டில் அன்றைக்கு அக்காவும் அக்கா பையனும் பண்டிகைக்கு வந்திருந்தார்கள். பையனுக்கு அப்போது இரண்டு வயது.

ஆயா ஒன்றும் கத்தவில்லை. அந்தக் கிழங்கைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னா கெழங்குன்னு எனக்குத் தெரியும்டா. எங்க ஊர்ல பஞ்சத்துல வள்ளிக்கெழங்குன்னு தின்னுட்டுப் போனவங்க இருக்காங்க" என்றது. கூடையில் இருந்த அத்தனை கிழங்கையும் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னது. அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பொங்கலில் கிழங்குக் குழம்பு இல்லை.

அம்மா எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்றது. அப்பா பேசவேயில்லை. மூன்று நாள் கழித்து ஆயாவே தீர்ப்புச் சொன்னது: "பூவு முருகனுக்கு ஒகந்தது, வெச்சுக்க. ஆனா கெழங்கு நெலப்படிய தாண்டி உள்ள வரக்கூடாது." அன்றிலிருந்து சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். தொட்டி இப்போது மொட்டை மாடியில், சுற்றிக் கோழி வலை அடித்து. தொட்டி மேல் சிவப்புப் பெயிண்டில் விஷம் என்று எழுதியிருக்கிறேன், அம்மா படிக்காது என்பதால் மண்டை ஓடும் வரைந்திருக்கிறேன். வருஷா வருஷம் தோண்டுவதும் இல்லை, அது தேவையே இல்லை, மண்ணிலேயே இருந்தால் தானே முளைத்துக்கொள்கிறது. தொட்டி நெருக்கமாகும்போது மட்டும் எடுக்க வேண்டும். எடுத்தால் கையுறை போட்டு, மாடியிலேயே, எண்ணி எடுத்து எண்ணி நட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவது. நம் வொர்க்‌ஷாப்பில் டூல் ரூமில் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கச் சொல்லும்போது சலித்துக்கொள்வோமே, அந்த வழக்கம்தான் இதற்கும். வாடின பூவை உடனே கிள்ளிவிடுகிறேன். கிள்ளாவிட்டால் காய் பிடித்து வெடித்து உள்ளே செக்கச் செவேலென்று விதை தெரியும், குழந்தை மிட்டாய் என்றுதான் எடுக்கும். காய் பிடிக்காவிட்டால் அந்தச் சத்து கிழங்குக்குப் போகும் என்பது ஒரு லாபம்.

இந்த வருஷம், அதாவது எனக்கு மூன்றாம் வருஷம், பூ முன்பைவிட அதிகம். தீபத்தன்று மாடியில் அகல் வைக்கப் போன அக்கா பையன் வலைக்கு வெளியே நின்றுகொண்டு "பூவு... வெசம்... தொடக்கூடாது" என்று எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போது தொட்டியில் ஒன்றுமே இல்லை. காய்ந்த தண்டைக்கூட வெட்டிவிட்டேன். புதிதாக வளர்க்கிறவர்கள் ஏமாறுவது இந்த நாலைந்து மாதத்தில்தான். செத்துவிட்டது என்று சிலர் மண்ணைக் கொட்டிவிடுவார்கள். பாவம் என்று சிலர் தண்ணீர் ஊற்றி அழுக வைப்பார்கள். இரண்டும் செய்யாமல், மழை படாத இடத்தில் சும்மா விட வேண்டும். கத்திரி வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனியில் ஒரு நல்ல மழை பெய்ததும் தண்ணீர் விட ஆரம்பித்தால் போதும்.

கணக்குப்படி உள்ளே இப்போது எட்டுக் கிழங்கு இருக்க வேண்டும். நான்கு எனக்குப் போதும். மீதி நாலும் கேட்கிற நண்பர்களுக்கு, தேர்வு முடிந்து ஜூனில் மார்க் ஷீட் வாங்க வரும்போது தருகிறேன். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறவர்கள் கேட்க வேண்டாம், அது பெரிய பிள்ளையான பிறகு வாருங்கள். அதற்குள் கிழங்கும் பெருகியிருக்கும்.